மஞ்சள் கட்டத்துக்குள் என் மச்சான்

நான் சொல்லப்போவது அத்தனையும் உண்மை. என் கண் மேல் ஆணை, கடையில் மாட்டியிருக்கும் கண்ணாடிகள் மேல் ஆணை, என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மேல் ஆணை. கட்டின பற்களை இதில் சேர்க்கவில்லை. அதனால் பொய்ச் சத்தியம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஒரு சொல்லாவது கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால், நாளைக் காலையில் நான் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அதில் வேறு யாராவது தெரியட்டும்.

எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு வெட்டித் தருவோம், பீரோவுக்குப் பதித்துத் தருவோம், சலூனுக்கு ஆளுயரக் கண்ணாடி மாட்டித் தருவோம். கடை என் பெயரில் இருக்கிறது, கல்லாவில் என் மனைவி இருக்கிறாள். முதலாளி யார் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

சரக்கு லாரியில் வரும். ஆனால் கடை வாசலில் லாரி நிற்க இடம் கிடையாது. சாலையோரம் பூராவும் கார்கள். சில கார்கள் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவை. லாரி ஓட்டுநர் ஊர்ந்தபடியே வந்து ஜன்னல் வழியாக என்னிடம் நலம் விசாரிப்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் பதிலை முடிப்பதற்குள் அவர் திருப்பத்தைத் தாண்டியிருப்பார். மீதியை அடுத்த சுற்றில் சொல்வேன். என் குடலிறக்க ஆபரேஷன் கதை முழுவதையும் அவர் இப்படித் தவணை முறையில்தான் கேட்டு முடித்தார்.

கடைசியில் சந்தைக்குப் பின்னால் எங்காவது லாரியை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவோம். சந்தைக் கூட்டத்துக்குள் ஆளுயரக் கண்ணாடியோடு நடப்பது எவ்வளவு ஆபத்து என்று தூக்கினவர்களுக்குத்தான் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாரும் நின்று தலை வாருவார்கள். ஒருவர் எங்களோடு கூடவே நடந்து முகச்சவரம் செய்து முடித்தார். கன்னத்தில் வெட்டுப்பட்டதற்கு எங்களைத்தான் திட்டினார். இத்தனையும் கடந்து கடைக்கு வந்து சேரும்போது பாதிச் சரக்கு சில்லாகியிருக்கும்.

கண்ணாடி அனுப்புகிற கம்பெனிக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த லோடு கடை வாசலிலேயே ஒழுங்காக இறங்கவில்லை என்றால் இனிமேல் அந்தத் தெருவுக்கு லாரி வராது என்று போனில் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி வராத கண்ணாடிக் கடையில் என்ன இருக்கும்? வெறும் மரச்சட்டம்தான் இருக்கும். என் மனைவி போனை வைத்துவிட்டு, அது ஏதோ என் தப்பு போல என்னைப் பார்த்தாள்.

"நகராட்சியில போய்க் கேளுங்க. நம்ம வாசல்ல லாரி நின்னு சரக்கு இறக்க ஒரு இடம் ஒதுக்கித் தரச்சொல்லி மனு குடுங்க."

"குடுத்துடுவாங்களா?"

"கேக்காமலே இத்தனை வருஷம் குடுக்கலை. கேட்டுத்தான் பாப்போமே."

மனு கொடுத்தோம். சில நாள் கழித்து நகராட்சியின் சாலைப் பிரிவு அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை சுத்தமான மேஜை. அதன் மேல் எங்கள் மனுவும் ஒரு டீ தம்ளரும் மட்டும் இருந்தன. மனுவில் ஏற்கெனவே தம்ளர் வட்டம் விழுந்திருந்தது. படித்திருக்கிறார் என்று எனக்குத் தெம்பு வந்தது.

"ஏத்தி இறக்க இடம் வேணும்னு கேட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"நான் நேர்ல வந்து பார்த்தேன். ஒரு நாள் பூரா எதிர்க் கடையில உக்காந்து பார்த்தேன். அங்க யாரும் எதையும் ஏத்தலை. எதையும் இறக்கலை."

"இடம் இல்லையே சார். எப்படி இறக்குறது?"

"இறக்கவே இல்லைன்னா இடம் எதுக்கு?"

எனக்குத் திக்கென்றது. அவர் சொன்னதால் அல்ல, அது நியாயம்தானே என்று எனக்கே தோன்றிவிட்டதால். எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பக்கூடப் பார்த்தேன். என் மனைவி சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சார், ஒரு வீட்டுக்குக் கதவு வைக்கணும்னு கேட்டா, சுவரு வழியா எத்தனை பேர் வந்துபோறாங்கன்னு பாத்துட்டுத்தான் வைப்பீங்களா?"

"அது கட்டடப் பிரிவும்மா. அடுத்த ரூம்."

ஆனாலும் மனிதர் ஈரமில்லாதவர் அல்ல. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கி வந்தார்.

"சரி. சோதனைக்கு ஒரு மஞ்சள் கட்டம் போட்டுத் தரச்சொல்றேன். லோடு வர்ற அன்னைக்கு நானே வந்து நிப்பேன். கட்டத்துக்குள்ள ஒரு வண்டி நிக்கணும். சரக்கு ஏறணும், இல்ல இறங்கணும். என் கண்ணால பார்த்துட்டேன்னா நிரந்தரம். பாக்கலைன்னா மறுநாளே அழிச்சிடுவோம். அப்புறம் இந்த ஜென்மத்துல கேக்கக்கூடாது."

மறுவாரம் கட்டம் போட்டார்கள். நல்ல பளபளப்பான மஞ்சள். நடுவில் 'சரக்கு வண்டிகள் மட்டும்' என்று எழுதினார்கள். எழுதுகிற ஆள் 'மட்டும்' எழுதி முடிப்பதற்குள் ஒரு கார் அவர் முதுகுவரைக்கும் வந்து நின்றுவிட்டது. அவர் தூரிகையைக் காட்டி விரட்டினார். கட்டத்துக்கு ஒரு காவல் இல்லாவிட்டால் லோடு வரும் நாளில் இங்கே எள் விழ இடம் இருக்காது என்று என் மனைவி கண்டுகொண்டாள்.

"தம்பியை வரச்சொல்லுங்க" என்றாள்.

தம்பி என்றால் அவளுடைய தம்பி, என் மச்சான். அவனை எல்லாரும் நங்கூரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு கனம். பஸ்ஸில் அவன் இடது பக்கம் உட்கார்ந்தால் வலது பக்கத்துச் சக்கரங்களுக்கு அன்றைக்கு ஓய்வு. அதோடு, இடம் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை எங்களுக்கு இடம் பிடிக்க ரயிலில் முன்னால் ஏறினான். நாங்கள் ரயிலைத் தவறவிட்டோம். அவனோ கடைசி ஸ்டேஷன்வரைக்கும் எங்கள் இடங்களில் ஒருவரையும் உட்காரவிடவில்லை. இன்னொருமுறை பல் டாக்டரிடம் பக்கத்து வீட்டுக்காரருக்காக வரிசையில் நின்றான். அவர் வந்து சேரவில்லை, வரிசை நகர்ந்துவிட்டது. இடத்தை விடக்கூடாது என்று உள்ளே போய்த் தன் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

லோடு வரும் நாள் காலையில் நங்கூரம் ஒரு செய்தித்தாளோடு வந்து கட்டத்தின் நடுவில் நின்றான். எத்தனையோ கார்கள் வந்தன, ஹாரன் அடித்தன, கெஞ்சின. அவன் பக்கத்தைப் புரட்டினானே தவிர நிமிரவில்லை. நான் நிம்மதியாகக் கடைக்குள் போய்த் துணியால் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே ஒரு பெண்குரல் கேட்டது.

தப்பான இடத்தில் நிற்கிற வண்டிகளுக்கு அபராதச் சீட்டு கிழிக்கிற நகராட்சி அம்மாள் அவர். அந்த அம்மாள் தெருவுக்குள் வந்தால் நாய்கள்கூட ஓரமாகப் படுக்கும்.

"இங்க நிக்கக்கூடாது. சரக்கு வண்டிக்கு மட்டும்தான்."

"நான் வண்டிக்குத்தாம்மா இடம் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றான் மச்சான்.

"நீங்க வண்டியா?"

"இல்லை."

"வண்டி இல்லாததுக்கு இந்தக் கட்டத்துக்குள்ள இடமே கிடையாது. வெளிய வாங்க."

இடத்தை விடுவது என்பது அவன் பரம்பரையிலேயே இல்லை. கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனையை நான் ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். கையில் ஈரத்துணியோடு நின்று வேடிக்கை பார்த்துவிட்டேன்.

"அப்போ என்னை வண்டின்னே வச்சுக்கங்களேன்" என்றான்.

அந்த அம்மாள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கையடக்க மெஷினை எடுத்துத் தட்டத் தொடங்கினார்.

"நிறம்?" என்று தனக்குத்தானே கேட்டு, அவன் சட்டையைப் பார்த்து, "கோடு போட்ட நீலம்" என்றார். "நம்பர்?"

மச்சான் மரியாதையாகத் தன் போன் நம்பரைச் சொன்னான்.

"சரக்கு இருக்கா?"

"காலையில சாப்பிட்டதுதான்."

"சரக்கு இல்லாம சரக்கு இடத்துல வண்டி நிறுத்தம்" என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் கிழித்து அவன் சட்டைப்பையில் செருகினார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கையை உயர்த்தி யாருக்கோ சைகை காட்டினார். இழுவை வண்டிக்காரர் வந்தார். தோளில் மஞ்சள் இரும்புப் பூட்டு. அபராதம் கட்டும்வரை வண்டி நகராமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டுவார்களே, அதுதான். குனிந்தார். மச்சானின் இடது காலில் மாட்டினார். பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

கையில் இருந்த துணி எப்போது விழுந்தது என்று தெரியாது. வாசலில் மாட்டியிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அங்கே வாயைத் திறந்துகொண்டு ஒரு கிழவன் நின்றிருந்தான். பின்னாலேயே என் மனைவி வந்து நின்றாள், அவள் வாயும் திறந்திருந்தது. பல வருஷ வாழ்க்கையில் அவள் வாய் திறந்தும் சத்தம் வராமல் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அத்தான், கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றான் மச்சான். "மத்தபடி ஒண்ணுமில்லை."

"அம்மா, மனுஷன் காலும்மா அது" என்றேன் அந்த அம்மாளிடம்.

"அவர்தான் வண்டின்னு சொன்னார். நான் சொல்லலை. இனிமே உரிமையாளர் வந்து கையெழுத்துப் போட்டு அபராதம் கட்டினாத்தான் பூட்டைத் திறக்க முடியும். வண்டிக்கு உரிமையாளர் யாரு?"

இதற்குள் செய்தி கேட்டு மச்சானின் பெண்டாட்டி ஓடி வந்துவிட்டாள். வந்தவள் காலைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், நடுச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து, "இவர் எனக்குச் சொந்தம். நான்தான் உரிமையாளர்" என்றாள்.

என் மனைவிக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. "நேத்து வந்தவ நீ. அவனைத் தூக்கி வளர்த்தது நான்."

"வளர்த்து எங்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, அண்ணி. குடுத்த பொருளைத் திருப்பிக் கேக்கக்கூடாது."

"சண்டை வேண்டாம்" என்றார் அந்த அம்மாள். "யாரு உரிமையாளரோ அவங்கதான் அபராதம் கட்டணும்."

மச்சானின் பெண்டாட்டி ஓரடி பின்வாங்கினாள்.

"அண்ணி சொல்றது சரிதான்" என்றாள் மச்சான் பெண்டாட்டி. "தூக்கி வளர்த்தவங்களுக்குத்தான் முழு உரிமை."

"கல்யாணம் ஆன பிறகு அக்காவுக்கு என்னம்மா இருக்கு" என்றாள் என் மனைவி. "எல்லாம் உனக்குத்தான்."

மச்சான் செய்தித்தாளை இறக்கி இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தான். பூட்டு மாட்டியபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

உரிமையாளர் இல்லாத வண்டியை நகராட்சிக் கொட்டடிக்கு இழுத்துப் போக வேண்டும் என்பது சட்டமாம். இழுவை வண்டிக்காரர் சங்கிலியை மச்சானின் இடுப்புப் பெல்ட்டில் மாட்டிவிட்டு, தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து விசையைத் தட்டினார். சங்கிலி முறுக்கேறியது. மோட்டார் முனகியது. மச்சான் ஒரு விரற்கடை அசையவில்லை. பதிலுக்கு இழுவை வண்டியின் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. மெல்ல மெல்ல வண்டி செங்குத்தாக நின்றது. அவர் உட்கார்ந்திருந்த இடம் எங்கள் மாடி உயரத்துக்குப் போய்விட்டது. மேலேயிருந்து அவர் எட்டிப் பார்த்து, "அம்மா, மாடியில துணி காயுது. அந்தப் பக்கம் மேகம் கறுத்திருக்கு, எடுத்துடுங்க" என்றார்.

எதிர்க் கடைக்காரர் வாயில் வைத்த டீயை விழுங்காமல் அப்படியே நின்றார். பிற்பாடு கேட்டபோது, அது ஆறிப் போயிற்று என்று வருத்தப்பட்டார்.

இந்த லட்சணத்தில்தான் தெருமுனையில் எங்கள் லாரி திரும்பியது. அதே நேரம் சாலைப் பிரிவு அதிகாரியும் குடையோடு வந்து சேர்ந்தார். கட்டத்தைப் பார்த்தார். செங்குத்தாக நிற்கும் வண்டியைப் பார்த்தார். சங்கிலி வழியாகக் கண்ணை இறக்கி மச்சானைப் பார்த்தார்.

"கட்டம் காலியா இல்லை. உங்க லாரி நிக்க முடியாது" என்றார். "சோதனை தோல்வி. நாளைக்கு அழிச்சிடலாம்."

லாரி ஓட்டுநர் ஊர்ந்துகொண்டே ஜன்னல் வழியாகக் கத்தினார். "அத்தனையும் பெரிய கண்ணாடி. கம்பெனியில கண்டிப்பா சொல்லிட்டாங்க. இங்க இறங்கலைன்னா திரும்பி வந்துடுன்னு. ஒரு சுத்து சுத்தி வரேன், அதோட சரி."

அந்த ஒரு சுற்றுக்குள் எங்கள் கடை இருக்குமா இல்லையா என்று தெரிந்துவிடும். கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தேன், அதை யார் கழற்றுவது, எந்த ஏணி என்கிற அளவுக்கு மனசு போய்விட்டது. என் மனைவி ரொம்பப் பதமான குரலில் அதிகாரியிடம் பேசினாள். அந்தக் குரலுக்கு நான் வீட்டில் பயப்படுவேன்.

"சார், கட்டத்துக்குள்ள நிக்கறது என்ன?"

அதிகாரி சீட்டுக்கார அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் மெஷினைப் பார்த்தார். "வண்டி சார். கோடு போட்ட நீலம்."

"ஒரு வண்டி நிக்கணும், சரக்கு ஏறணும் இல்ல இறங்கணும். அதைத்தானே பாக்கணும்னு சொன்னீங்க?"

"ஆமா."

"லாரின்னு சொன்னீங்களா?"

அதிகாரி குடையை மடக்கினார். "வண்டின்னுதான் சொன்னேன்."

அவள் திரும்பினாள். "தம்பி, முதுகைக் காட்டு."

லாரி சுற்றி வந்தது. நிற்கவில்லை. நின்றால்தானே தப்பு? ஆமை வேகத்தில் ஊர்ந்தது. லாரியில் இருந்த சுமையாட்கள் அந்தப் பெரிய கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சரித்தார்கள், நான் கீழே நின்று தாங்கித் திருப்பினேன், மச்சான் குனிந்து அத்தனையையும் முதுகில் வாங்கிக்கொண்டான். அவன் குனியக் குனிய இழுவை வண்டி இன்னும் மேலே போனது. இழுவை வண்டிக்காரர் எட்டி எங்கள் மாடிக்குள் கால் வைத்து, துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் படி வழியாக இறங்கி வந்தார். நல்ல மனிதர்.

மேல் கண்ணாடியில் தெரு முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. அதற்கு நடுவில் அதிகாரியும் தெரிந்தார். அவர் தன்னையே பார்த்தபடி, "ஏறியது" என்று சொன்னார். பேனா கையிலிருந்து நழுவியது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"சரக்கு ஏறிடுச்சுன்னா, நின்னது தப்பில்லை" என்றார் சீட்டுக்கார அம்மாள். மச்சான் சட்டைப்பையிலிருந்து சீட்டைத் திரும்ப எடுத்துக் கிழித்துப் போட்டார். இழுவை வண்டிக்காரர் பூட்டைத் திறந்தார். மச்சான் காலை உதறினான், மெல்ல நடைபாதை ஏறினான், கடைக்குள் போனான். கண்ணாடிகளில் ஒரு கீறல் இல்லை. சங்கிலியைக் கழற்ற எல்லாரும் மறந்துவிட்டோம். அதனால் இழுவை வண்டியும் அவன் பின்னாலேயே கடைக்குள் வந்துவிட்டது. வாசல் நிலை போயிற்று, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லோடு முழுசாக இறங்கியது என்று லாரி ஓட்டுநர் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். லாரி தொடர்ந்து வரும் என்றார்கள். சில நாளில் நகராட்சியிலிருந்து நிரந்தர அனுமதியும் வந்தது. என் மனைவி அதை நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு உட்கார்ந்தாள். நான் வாங்கிப் பார்த்தேன், நானும் உட்கார்ந்தேன். எங்கள் வாசலில் மஞ்சள் கட்டம் நிரந்தரம். ஆனால் அதில் நிற்க அனுமதி ஒரே ஒரு வண்டிக்குத்தான். கோடு போட்ட நீலம். கீழே மச்சானின் போன் நம்பர்.

அதிகாரியிடம் ஓடினோம்.

"லாரிக்குத்தானே சார் கேட்டோம்" என்றாள் என் மனைவி.

"லாரி நின்னதை நான் பாக்கலையே. நான் பார்த்தது அவரைத்தான்."

அன்றிலிருந்து லோடு வரும் நாளெல்லாம் மச்சான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டத்தில் நிற்கிறான். லாரி ஊர்கிறது, கண்ணாடிகள் அவன் முதுகில் ஏறுகின்றன, கடை நன்றாக நடக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அவனை நகராட்சிக்குக் கூட்டிப்போய்த் தகுதிச் சான்று வாங்கிவருகிறேன். ஹாரன், பிரேக் இரண்டிலும் முதல் தடவையே தேறினான். புகைச் சோதனையில் மட்டும் தவறினான். பீடியை விட்ட பிறகு அதிலும் தேறிவிட்டான். அவன் பெண்டாட்டி அந்த அதிகாரிக்கு நன்றி சொல்லி அனுப்பினாள்.

எதையும் குறைத்துச் சொன்னதாக இருக்க வேண்டாம், இதையும் சொல்லிவிடுகிறேன்: என் மனைவி அவளுடைய அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை.